உதவியாளர் கட்டில்

என் வீட்டுக்காரரால் நடக்க முடியாது என்று எங்கள் வீடு முடிவு செய்த அன்று காலையில், அவர் மலையடிவாரம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போய்விட்டு, வழியில் பார்த்த மயிலைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நின்றபடியே கால்மணி நேரம் கதை பேசிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தால் படுக்கையறைக் கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் ஸ்ட்ரெச்சரைத் தாராளமாகத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு அகலமாக ஒரு திறப்பு இருந்தது.

"வசந்தா, கதவெங்க?" என்றார்.

நான் அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "எனக்கென்னுங்க தெரியும்? உள்ள போயிப் பாருங்க."

"நீ வந்து பாரு."

காணாமல் போன கதவைக்கூட நான்தான் வந்து பார்க்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். அவருடைய கட்டில் இரண்டு பக்கமும் கம்பி முளைத்து, தலைமாடு தூக்கிக்கொண்டு, அசல் ஆஸ்பத்திரிக் கட்டிலாக நின்றது. என் கட்டிலைக் காணவே காணோம். அவருடைய கால்மாட்டில், சுவரிலிருந்து ஒரு ஒடுக்கமான பலகை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் என் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் அந்த மாதிரிப் பலகையில்தான் நான் படுத்துக் கிடந்தேன். நோயாளியோடு கூட இருக்கிறவர்களுக்குப் போடுகிற கட்டில்.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூருக்கு மேற்கே, வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு இது. இங்கே உள்ள வீடுகளுக்கு இணங்கு வீடு என்று பெயர். சுவர்கள் தண்டவாளத்தில் நகரும். அடுப்பு மேடை ஏறும், இறங்கும். தரை நம் நடையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். குடியிருப்பவருக்கு வயது ஏற ஏற, அவருக்கு எது முடியவில்லையோ அதற்கு ஏற்றபடி வீடு தன்னை மாற்றிக்கொள்ளும். நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மெல்போர்னில் இருக்கிற எங்கள் மகன் சுதர்சன் விளம்பரத்தைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூருக்குள்ளேயே ராமநாதபுரத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்கவைத்து, இதில் கொண்டுவந்து உட்காரவைத்தான். ஒன்றை மட்டும் விளம்பரத்தில் சொல்லவில்லை. வீட்டின் மொத்த அளவு மாறாது. ஒரு பக்கம் பெருத்தால் இன்னொரு பக்கம் சிறுக்க வேண்டும்.

வந்த புதிதில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. முதலில் அவருடைய சாய்வு நாற்காலிக்குக் கை அகலமானது. பிறகு அவர் பக்கத்துக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. பிறகு அவர் நாற்காலிக்குப் போகிற வழி அகலமானது, அந்த அகலம் என் அடுப்படியிலிருந்து எடுக்கப்பட்டது. மிக்சியை வைக்க இடமில்லாமல் தரையில் வைத்து, குனிந்து குனிந்து அரைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் என் கட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பலகையைக் கொடுத்ததும் பொறுமை போய்விட்டது. இதென்ன கெரகம் என்று குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

தன்விகா என்று ஒரு பெண் வந்தாள். வீடுகளின் போக்கைக் கவனித்துக் குடியிருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்வது அவள் வேலை. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், நல்ல மாதிரி. கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். ஜாகிங் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார்... நீங்கதானுங்களா சென்னியப்பன்?"

"நானேதான். ஏன்?"

"இல்லீங்க சார், உங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடிக்க முடியலைன்னு வீடு சொல்லுது."

"யாரு சொன்னது?"

"தட்ட எடுக்க முடியல. துண்டு எடுக்க முடியல. பக்கத்துலயே போன் அடிச்சாலும் எடுக்க முடியல. மாத்திரைய யாராச்சும் பிரிச்சுக் கையில குடுத்தாத்தான் உண்டுங்க. கூப்புடறது மட்டும் நல்லா முடியுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவர் ஒரு பெரிய நூற்பாலையில் மேனேஜராக இருந்தவர். அங்கே அவர் மேஜைமேல் ஒரு மணி இருந்தது. தட்டினால் ஆள் வரும். ஓய்வுபெற்ற அன்று மணியை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில்தான் நான் இருக்கிறேனே, மணி எதற்கு?

"அம்மிணி, அவருக்கு முடியாமயெல்லாம் இல்ல. பண்ண மாட்டாரு. அவ்வளவுதான்" என்றேன்.

"அது வீட்டுக்குத் தெரியாதுங்கம்மா. முடியாததும் பண்ணாததும் அதுக்கு ஒண்ணுதானுங்க."

"காலைல நான் எவ்வளவு தூரம் நடக்கிறேன்னு தெரியுமா?" என்று அவர் சத்தம் போட்டார்.

"அது வெளியிலங்க சார். வீட்டுக்குள்ள நீங்க கட்டில்லேர்ந்து நாற்காலி, நாற்காலிலேர்ந்து சாப்பாட்டு மேஜை. அவ்வளவுதான் பதிவாயிருக்குது."

"டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கித் தரேன்!"

"சர்டிபிகேட் செல்லாதுங்க சார். வயசானவங்க யாரக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்கன்னுட்டுத்தான் இந்த வீட்டையே கண்டுபுடிச்சாங்க. வாய் சொல்றத இது கேக்காது. கால் சொல்றதத்தான் கேக்கும்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். கட்டில் மாறிவிட்டது என்றால் அடுத்த கட்டம் நெருங்கிவிட்டதாம். வருகிற மறுபார்வையிலும் இப்படியே இருந்தால், அவரைப் பின்னால் இருக்கிற பராமரிப்புக் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு அலுவலக மாடியில் ஒற்றை அறை. இந்த வீடு, வரிசையில் காத்திருக்கிற அடுத்த தம்பதிக்கு. மகன் கையெழுத்துப் போட்டபோது இதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறான். விற்ற வீட்டை மறுபடி வாங்க எங்களால் ஆகாது.

"அப்ப, பிரிச்சு வெச்சிருவீங்களா?" என்றேன்.

"சார் அவரு வேலைய அவரே பண்ணோணுமுங்கம்மா. அத வீடு பாக்கோணும். அவ்வளவுதான். ஒரு மாசம் டைம் இருக்குது."

வாசல்வரை போய் அவளை வழியனுப்பும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன் அம்மிணி, இங்க எத்தன வீட்டுல ஆம்பளைங்களுக்கு இப்படி வந்திருக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாதிக்கு மேலங்கம்மா."

"என்னப் பத்தி என்ன சொல்லுது?"

"உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

உண்மையைச் சொல்கிறேன், கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி உள்ளே வரும்போது வலது முழங்கால் வழக்கம்போல ஒரு குத்துக் குத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவர் காப்பி போடப் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

"வசந்தா, சக்கரை எங்க?"

"ரெண்டாவது தட்டுல."

"மேலருந்து ரெண்டாவதா, கீழருந்தா?"

"கண்ணு முன்னால இருக்குங்க."

"காணமே."

பிறகு காப்பித்தூள் எங்கே. பிறகு பால் எதில் காய்ச்சுவது. பிறகு இவ்வளவு பெரிய கரண்டியை யார் வாங்கினது. நாற்பது வருஷமாக அவருக்குக் குழம்பு ஊற்றிய கரண்டி அது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால், ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் தூளைக் கொட்டி, மேல்பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, டிகாக்ஷன் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் பால் பொங்கிக்கொண்டு வருகிறது. மில்லில் ஆயிரம் பேரை மேய்த்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்!

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். "தள்ளுங்க. நானே பண்றேன்."

அவர் தள்ளிக்கொண்டார். அதற்குத்தான் காத்திருந்தவர்போல நாற்காலிக்குப் போய்விட்டார்.

இப்படியே நாலைந்து நாள் போனது. அவர் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கை பரபரக்கும். அவர் தட்டுக் கழுவினால் பின்னாலேயே போய் மறுபடி கழுவுவேன். துண்டைத் தேடி அலமாரியைக் கலைத்தால், கலைவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். தன்விகாவே போன் செய்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. சார் ஃபெயிலாகறது அவரால இல்லீங்க, உங்களால. அவரு ஒரு வேலைய ஆரம்பிச்சா நீங்க எந்திரிச்சு முடிச்சர்றீங்க. பாவம் முடியல, இந்தம்மா போயித் தாங்குதுன்னு வீடு எழுதிக்குது."

"பால் பொங்கி வழியறப்ப சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா அம்மிணி?"

"ஆமாங்கம்மா. வழியட்டும்."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். ஆனால் பராமரிப்புக் கட்டடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, சாயங்காலம் மட்டும் பார்வையாளர் நேரம். மனுஷர் எரிச்சலூட்டுவார்தான். அதற்காக அவரைச் சாயங்காலம் மட்டும் போய்ப் பார்க்க எனக்கு மனமில்லை. திரும்பி வந்து, அவருடைய சாய்வு நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன். என்ன உடைந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அடுப்படியே தெரியாது. டீவி தெரியும். ஜன்னலில் மலை தெரியும். இடது பக்கம் ஒரு சின்ன வாசல் மட்டும் தெரியும். அதன் வழியாகத்தான் டம்ளர் வரும், தட்டு வரும், மாத்திரை வரும். அதற்குப் பின்னால் யார் என்ன பாடுபடுகிறார்கள் என்பது தெரியவே தெரியாது. இத்தனை காலம் இந்த மனுஷர் இங்கே உட்கார்ந்து மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டும் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பால் வழிந்தது. உப்புமா கட்டியாகி, கரண்டியோடு சேர்ந்து வாணலியே மேலே வந்தது. காப்பி ஒருநாள் கழுநீராகவும் ஒருநாள் கஷாயமாகவும் இருந்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. இரண்டாவது வாரத்தில் கை படிந்துவிட்டது. வட்டமாக ஒரு தோசை வந்த அன்று, அதை வீடியோவில் காட்டுவதற்கென்றே மெல்போர்னுக்குப் போன் போட்டார். "இதுல என்னடா இருக்குது? உங்கம்மா என்னமோ பெரிய வித்தையாட்ட பண்ணுவா" என்று என் காதுபடச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. அவர் கடைக்குப் போயிருந்தார். குளியலறைக்குப் போகலாம் என்று எழுந்தேன். எழ முடியவில்லை. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை நாளும் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டும் ஓடிக்கொண்டுமே இருந்ததால், மூட்டு ஓய்ந்து உட்கார நேரமே இல்லை போலிருக்கிறது. ஓய்வு கொடுத்ததும் அதன் நிஜமான நிலைமை தெரிந்துவிட்டது. கையை ஊன்றிப் பார்த்தேன். முன்னால் சாய்ந்து பார்த்தேன்.

அப்போது நாற்காலி அசைந்தது. உட்காரும் இடம் மெல்ல உயர்ந்து என்னைத் தூக்கிக் கொடுத்தது. பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு கம்பி நீண்டு, சரியாக என் கைக்கு எட்டுகிற உயரத்தில் வந்து நின்றது. அவர் உயரத்தில் இல்லை. என் உயரத்தில்.

அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வலிக்காக அழவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று முளைத்தது அதுதான் முதல் தடவை. அவரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விடியும்போது வீடு கொஞ்சம் மாறியிருந்தது. அடுப்பு மேடை என் இடுப்பளவுக்கு இறங்கி, அதன் முன்னால் ஒரு முக்காலியும் வந்தது. மிக்சி தரையிலிருந்து மேலே ஏறியது. நடைவழி நெடுக என் கையளவுக்குக் கம்பி ஓடியது. அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டில் தட்டையாகி, பழைய கட்டிலாகிவிட்டது. அந்த ஒடுக்கப் பலகை சுவருக்குள் போய்விட்டது. எனக்கு அகலமாக, தலைமாடு உயர்ந்த கட்டில் வந்தது.

"பாத்தியா, நான் பாஸாயிட்டேன்!" என்று அவர் ஒரே குதி. கம்பிகள் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

மறுபார்வைக்குத் தன்விகா வந்தாள். அவரே காப்பி போட்டு, டம்ளரில் ஆற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நன்றாகவே இருந்தது, மறைப்பானேன்.

"சாருக்கு ஒரு பிரச்சனையும் இல்லீங்க. எல்லாமே பச்சை" என்றாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க முட்டி எத்தன வருஷமா இப்படி இருக்குதுங்க?"

"அது கெடக்குது அம்மிணி. வயசானா வலிக்காதா?"

"வீடு இப்பத்தான் உங்கள அளந்திருக்குதுங்க. ரொம்ப மோசமாயிருச்சு."

"இத்தன நாளா ஒண்ணும் சொல்லலைன்னியே? நல்லா இருக்கேன்னு அர்த்தம்னியே?"

அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "தப்புங்கம்மா. எனக்கே தெரியல. இது முதல்ல ஆஸ்பத்திரிக்காகப் பண்ணுன ஏற்பாடுங்க. நோயாளியத்தான் அளக்கோணும், கூட இருந்து பாத்துக்கறவங்கள அளக்கக் கூடாதுன்னு அதுல ஒரு விதி. வீடுகளுக்கும் அதையே போட்டுட்டாங்க."

"நான் என்ன நர்ஸா? என்னைய எப்படி அதுல சேத்துச்சு?"

"யாரு கூப்புட்டா யாரு எந்திரிக்கறாங்கன்னு பாத்துக்குமுங்க. எந்திரிக்கறவங்கள உதவியாளர்னு எடுத்துக்கும். அதோட அவங்களப் பாக்கறதையே விட்டுருமுங்க. இந்த மாசம் நீங்க எந்திரிக்கவே இல்லீங்களே, அதனால உங்களைக் குடியிருப்பவர்னு சேத்துக்கிச்சு."

அவள் ஜன்னல் வழியாக எதிர் வரிசை வீடுகளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் என்று அவளே சொன்ன வீடுகள் அவை. "அத்தன வீட்டுலயும் அம்மாங்க..." என்று ஆரம்பித்தவள், முடிக்கவில்லை. "மேல எழுதிப் போட்டுட்டேனுங்க. ஆனா அவங்க விதிய மாத்தறதுக்குள்ள வீடு முடிவு பண்ணிரும். இப்ப இருக்கற நிலைமையில உங்களுக்கு வீட்டுலயே கூட ஒரு ஆள் வேணுமுங்கம்மா. அப்படி ஆள் இல்லைன்னா..."

"பின்னால இருக்கற கட்டடம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

"வேலைக்கு ஒரு பொம்பளைய வெச்சாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெளியாள் கணக்குல வராதுங்க சார். வீட்டோட தங்கறவங்க மட்டுந்தான்."

"அப்ப என்ன, நான் இருக்கேனில்ல?" மில்லில் கூட்டத்தை முடித்துவைக்கிற குரலில் சொன்னார். "நான் பாத்துக்கறேன். எழுதிக்கோ."

"எழுதிக்கறதுக்கு இல்லீங்க சார். நீங்க எந்திரிக்கறத வீடு பாக்கோணும்" என்றாள் தன்விகா. போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அவர் வந்தார். "அப்பாடா" என்றபடி சாய்வு நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார். பரீட்சை முடிந்துவிட்டது அவருக்கு. ஒரு மாதமாகக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் உள்ளே பளபளவென்று இருந்தன. அவள் குடித்துவிட்டு வைத்த காப்பி டம்ளர் மட்டும் மேஜைமேலேயே கிடந்தது. அதை எடுக்க என் கை தன்னால் நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

நான் அவருக்கு எதிரில் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். முட்டிக்கு மாத்திரை போட வேண்டிய நேரம். மாத்திரை என் முந்தானையில் முடிந்திருந்தது, தண்ணீர் அடுப்படியில் இருந்தது. அந்த ஒடுக்கப் பலகை சுவருக்குள் எங்கேயோ மடங்கிக் கிடக்கிறது. இனி அதை யாருக்காக விரிப்பது, விரிப்பதா வேண்டாமா என்று வீடு இன்னும் முடிவு செய்யவில்லை. வாயால் சொல்லிப் பயனில்லை என்றுதானே அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் நான் தண்ணீர் கேட்டதே இல்லை.

"ஏனுங்க" என்றேன். "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க."

பேப்பர் இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. என்ன சொல்கிறேன் என்று விளங்காத மாதிரிதான் இருந்தது. பிறகு தலையைத் திருப்பி, டம்ளர் வந்து சேருகிற அந்தச் சின்ன வாசலைப் பார்த்தார், யாராவது கொண்டுவருவார்கள் என்பதுபோல.

யாரும் வரவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. நானும் வீடும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.